வாசலில் ஒரு டிராக்டர், கழுத்தில் ஒரு தாலி

1

வருடத்துக்கு ஒருமுறை என் கணவர் என்னோடு ஓர் அலுவலகத்துக்கு வந்து, இவள் என் மனைவிதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் இன்னும் ஒரு வருடம் இந்த நாட்டில் இருக்கலாம். நம் ஊரில் கல்யாணம் ஒருமுறை நடந்தால் நடந்ததுதான். பினாங்கில் என் கல்யாணம் வருடாவருடம் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் திரும்ப நடக்கிறது.

அந்த அலுவலகத்துக்கு இங்கே குடிநுழைவு அலுவலகம் என்று பெயர். நான் பினாங்கு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தவள். எனக்குக் கொடுத்திருப்பது கணவரை நம்பிக் கொடுத்த பாஸ். நான் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதற்கான அனுமதியும் அந்தப் பாஸின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கணவர் வரவில்லை என்றால் பாஸ் இல்லை. பாஸ் இல்லை என்றால் வேலை இல்லை, வீடு இல்லை. எங்கள் மகள் கயல் இங்கே பிறந்தவள். அவளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. வீட்டில் சிக்கல் இருப்பது எனக்கு ஒருத்திக்குத்தான்.

முதல் வருடம் அங்கே காத்திருந்தபோது அதிகாரி ஒருவர் கையை அசைத்து, "மாரி, மாரி" என்றார். என் பெயர் மாரியம்மாள், வீட்டில் மாரி. உடனே எழுந்து போய் நின்றேன். அவர் கூப்பிட்டது என் பின்னால் இருந்த பெரியவரை. மலாயில் மாரி என்றால் 'வாங்க' என்று பொருளாம். இந்த ஊரில் யார் யாரைக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் பாஸ் முடியச் சில வாரங்கள் இருந்தபோதுதான் வீட்டு வாசலுக்கு அந்த டிராக்டர் வந்து சேர்ந்தது.

2

டிராக்டர் என்றதும் நம் ஊரில் வயல் உழுகிற வண்டியை நினைக்காதீர்கள். இது தோட்டத்து டிராக்டர், புல் வெட்டுவது. என் இடுப்பு உயரம் இருக்கும். ஓர் ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டலாம். அடிவயிற்றில் இரண்டு கத்திகள் சுழலும். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதன் சிவப்புப் பெயிண்ட் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. இருக்கை கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. முன் டயர் ஒன்றில் காற்றே இல்லை.

எங்கள் வீடு தண்ணீர்மலைக் கோயில் பக்கம், ஒரு சந்தில், வரிசை வீடுகளில் கடைசி. முன்பக்கம் கார் நிறுத்தக் கூரை போட்ட இடம் உண்டு. என் கணவர் லோகன் காரைச் சந்தில் நிறுத்திவிட்டு டிராக்டரை அந்தக் கூரைக்குக் கீழே ஏற்றினார். என் இஸ்திரி மேசை பட்டறை மேசையானது. அதன் ஓரத்தில் இரும்பைப் பிடிக்கும் வைஸைப் பூட்டினார். ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கினார். அவர் ஜுருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். கை சுத்தம், வேலை சுத்தம். அதில் குறை சொல்ல முடியாது.

"எங்கேருந்து இது?" என்றேன்.

"கம்பெனில குடுத்தாங்க."

"எதுக்கு?"

"சும்மாலா. ஸ்டோர்ல கெடந்துச்சு. கம்பெனி புல்லு வெட்டுன வண்டி. வேணுமான்னு கேட்டாங்க, எடுத்துக்கிட்டேன்."

"சும்மா எவன் குடுப்பான்?"

"நீ ஒருத்தி. போலீஸ் மாதிரி நிக்காத. போய் கோப்பி போடு."

கோப்பி போட்டேன். ஆனால் அந்தச் 'சும்மா' எனக்கு இறங்கவில்லை; அதன் வாலில் ஒட்டிய 'லா' இந்த ஊர்ப் பேச்சு வழக்கம், அதை விடுங்கள். பழைய நாற்காலியைக்கூட எடைக்குப் போடுகிற கம்பெனி, என்ஜின் வைத்த வண்டியைச் சும்மா கொடுக்குமா? திருடிக்கொண்டு வந்திருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நான் நினைத்ததை நான் மறைக்கவில்லை. "எடுத்துட்டு வந்தப்ப வாட்ச்மேன் பாத்தாரா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் இருக்கையிலிருந்த பஞ்சு பறந்தது.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. நான் மெக்கானிக்கல் டிப்ளமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிலும் அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண். வீட்டு வாசலில் ஓர் என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர். பக்கத்தில் போனால், "கை அழுக்காயிரும்லா, தள்ளிக்க" என்கிறார். என் கையை அழுக்கிலிருந்து காப்பாற்ற யார் இவரைக் கேட்டது?

3

சந்தேகப்படுவது எனக்குக் கெட்ட பழக்கமாக வந்ததல்ல. வீட்டில் எனக்குக் கொடுத்த வேலை அது.

விருதுநகரில் எங்கள் அப்பா மூட்டை தூக்கினார். அம்மா தீப்பெட்டிக்குச் சீட்டு ஒட்டினாள். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. நான் இரண்டாம் வகுப்பு போனதும், எங்கே போனாலும் என்னைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். பஸ் போர்டைப் படிப்பது நான். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிப்பது நான். பஞ்சாயத்துக்காரர் ஏதாவது காகிதத்தை நீட்டினால் அம்மா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளுவாள். "எம்புள்ள படிச்சிருக்கு. அதுகிட்ட காட்டுங்க."

ஒருமுறை தம்பிக்கு இருமல். மருந்துக் கடைக்காரர் கொடுத்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே சின்ன எழுத்து இருக்கிறதோ அங்கேதான் விஷயம் இருக்கும் என்பது அந்த வயதிலேயே பிடிபட்டிருந்தது. தேதி முடிந்த மருந்து. "இது பழசு" என்று சத்தமாகச் சொன்னேன். கடைக்காரர் முகம் மாறியது. வேறு பாட்டில் வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பா என் தலையில் கை வைத்தபடியே நடந்தார். அந்தக் கை கொடுத்த பெருமை இன்னும் என் தலையில் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து ஒரு பாட்டிலையும் ஒரு மனிதரையும் திருப்பிப் பார்க்காமல் என்னால் வாங்கிக்கொள்ள முடிந்ததில்லை.

இங்கே எனக்குக் கிடைத்த வேலையும் அதற்கேற்றது. தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். நல்லதாகத் தெரிகிற பொருளில் கெட்டது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு, 'இவளுக்கு என்ன பைத்தியமா' என்று நீங்கள் கேட்கக் கூடாது.

4

டிராக்டர் வந்து ஒரு வாரம் இருக்கும். தொழிற்சாலைப் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். லோகன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவர் மாதிரி சீருடையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ஜின் ஸ்டார்ட் ஆச்சா?"

"இன்னும் இல்ல. இன்னிக்கு எங்க நேரம்? இப்பத்தானே வந்தேன்."

செருப்பைக் கழற்றுகிற சாக்கில் டிராக்டர் பக்கம் குனிந்து என்ஜினில் கை வைத்தேன். சுட்டது.

ஓடாத என்ஜின் சுடுமா?

மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். காலையில் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா, சாயங்காலம் கழுவிக் காய்ந்து அதே இடத்தில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் டப்பாவில் ரசம் வாடை இருக்கும். இதில் எங்கள் வீட்டு சோப்பு வாடை. அவருடைய சீருடையை முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் உருகுகிற அந்த நெடி, இரண்டு முறை துவைத்தாலும் போகாத அந்த நெடி, இல்லை.

கயலை ஒரு மலாய் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். கயலின் பேச்சில் இப்போது பாதிக்கு மேல் மலாய்தான். தண்ணீர் வேண்டும் என்றால் "ஆயேர்" என்பாள். நான் "தண்ணி" என்று சொல்லித் தந்தால், நான் ஏதோ தப்பாகச் சொல்வதுபோல், "ஆயேர்லா, அம்மா" என்று எனக்குத் திருத்தம் தருவாள். அவளைக் குளிப்பாட்டும்போது சாதாரணமாகக் கேட்டேன்.

"கயலு, இன்னிக்கு அப்பா எப்ப வந்து கூட்டிட்டு வந்தாரு?"

அவள் சோப்பு நுரையோடு விரலை உதட்டில் வைத்தாள். "ரஹ்சியா."

"என்னது?"

"ரஹ்சியா. அப்பா சொன்னாரு."

ரகசியத்துக்கு மலாயில் ரஹ்சியாவாம். அதற்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த ரகசியம் எனக்குத் தெரியாது.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் மாவு வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினேன். லோகன் டிராக்டருக்குப் பின்னால் குந்தியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பேசுவது கேட்கவில்லை. இவர் பேச்சு மட்டும் கேட்டது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

"இல்ல திரேசா, தாலி ரொம்ப பழசு... ஆமா, கழட்டத்தான் வேணும்... அறுந்துரும் போல இருக்கு. அறுந்தா அறுந்துட்டுப் போவுது, புதுசு போட்டுக்கலாம்லா."

நான் வாசல் இரும்புக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மாவுப் பை கையில் கனத்தது.

"அவகிட்டயா? இன்னும் சொல்லல... மொதல்ல பாஸ் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கிறேன். இப்ப சொன்னா வீடே ரெண்டாயிரும்... சரி, நான் ஜுருவுக்கு வர்றேன்."

நம் ஊர்ப் பெண் யாராவது இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா சொல்லுங்கள். தாலி அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனிதன் உட்கார்ந்த இடத்தில், கையில் ஸ்பானரோடு, சிரித்தபடி சொல்கிறான். கேட்பவள் பெயர் திரேசா. பாஸ் முடியும்வரை பொறுத்திரு என்கிறான். பாஸ் முடியட்டும் என்றால் என்ன? கிடைத்து முடியட்டும் என்றா, காலாவதியாகட்டும் என்றா? அந்த வார்த்தையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் நான் இங்கே இருந்தேன். மறுபக்கத்தில் விமானத்தில் இருந்தேன், கயல் இல்லாமல்.

உள்ளே போய் மாவை வைத்துவிட்டுத் தாலியைப் புடவைக்குள் தள்ளினேன். அழவில்லை. அம்மாவுக்குப் போன் போடலாமா என்று நினைத்தேன். போட்டால் அவள் என்ன சொல்வாள்? "நீ படிச்ச புள்ள, நீயே பாத்துக்க" என்பாள். எப்போதும் அதுதான் சொல்வாள். படித்த பிள்ளைக்கு யாரிடமும் போய்க் கேட்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாது.

பட்டறை மேசையில் கரி பிடித்த ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. அதில் ஜுருவில் இருக்கும் ஒரு கடையின் பெயரும் தெருவும் அச்சடித்திருந்தது. சின்ன எழுத்துதான். படித்துக்கொண்டேன். ஜுருவில் திரேசாவைத் தேட எனக்கு இருந்த ஒரே முகவரி அதுதான்.

6

வேலைக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பெர்ரியில் கடலைத் தாண்டி, பஸ் பிடித்து ஜுருவுக்குப் போனேன். வழி முழுக்கத் திரேசாவை மனதில் வரைந்து பார்த்தேன். உயரமாக வரைந்தேன், இளமையாக வரைந்தேன், உதட்டுச் சாயம் போட்டு வரைந்தேன். பஸ் இறங்குவதற்குள் அவளிடம் சொல்ல மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. மூன்றும் இலக்கண சுத்தமானவை.

கார் விற்கிற பெரிய கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டிப் பின் தெருவில் இருந்தது அந்தக் கடை. வாசல் வரைக்கும் மோட்டார் சைக்கிள் டயர்கள். உள்ளே கவுண்டரில் ஓர் அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார், அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. யாரோ ஒருவரைப் பார்த்து, பிஸ்டன் ரிங்கை மாற்றி எடுத்துப் போனதற்காகக் கத்திக்கொண்டிருந்தார்.

"திரேசாங்கிறது யாரு?" என்றேன்.

"நாந்தான். நீ யாரு பிள்ள?" கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "ஏ! நீ லோகன் வீட்டுக்காரிதானே? போன்ல போட்டோ காட்டியிருக்கான். ஊர்க்காரப் பொண்ணு. வாமா, வா. தாலிக்கா வந்த?"

என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. தயார் செய்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் இல்லை.

"கழட்டிக் கொண்டாந்தியா?"

"எதுக்குக் கழட்டணும்?"

"இதென்னடா கேள்வி! கழட்டாம எப்புடி அளவு பாக்குறது? அவன் என்னடான்னா அங்க ஒக்காந்துக்கிட்டு போன்ல மொழம் சொல்றான். நான் என்ன சோசியக்காரியா?"

"கழட்டித் தர மாட்டேன்."

"தராட்டிப் போ. அறுந்தப்புறம் வருவ."

"அறுந்தப்புறமா? வாயக் கழுவுங்க! நீங்களும் ஒரு பொம்பளதானே?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளைக்கும் இதுக்கும் என்னமா? ஜுருல எங்கிட்டதான் எல்லாத் தாலியும் இருக்கு. நீளம், குட்ட, தடிப்பு. எந்தக் காலத்து வண்டியா இருந்தாலும் எங்கிட்ட தாலி கெடைக்கும். இங்க பாரு."

அவர் கை காட்டிய சுவரில், ஆணிக்கு ஒரு கொத்தாக, கறுப்புக் கறுப்பாகக் கேபிள்கள் தொங்கின. கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள். நம் ஊரில் வயர் என்போமே, அதுதான். மலாயில் 'தாலி' என்றால் கயிறு. இது எனக்குத் தெரியாமல் இல்லை, பாசா என்கிற மலாய் மொழி வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் வண்டிக் கேபிளுக்கும் இங்கே அதே சொல்தான். பெட்ரோலை ஏற்றி இறக்கும் கேபிள் 'தாலி மின்யாக்', கிளட்சுக்குப் போவது 'தாலி கிளட்ச்'. ஒரு மலாய் வாக்கியத்துக்குள் வந்திருந்தால் பிடித்திருப்பேன். முழுத் தமிழ் வாக்கியத்தின் நடுவில், அறுந்துபோவதற்குப் பக்கத்தில் அது வந்து உட்கார்ந்தால், எந்தக் காது அதைக் கயிறு என்று எடுத்துக்கொள்ளும்?

"என்னமா, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? வலிக்குதா?"

"இல்லக்கா. பஸ்ல வந்த களைப்பு."

ஒரு ஸ்டூலைத் தள்ளினார். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பாட்டுக்குச் சொன்னார்.

"பாவம், அவன் நல்ல பையன். கம்பெனி மூடுன நாள்லேருந்து அந்த வண்டியத்தான் நம்பிக்கிட்டு இருக்கான். அங்கங்க கொண்டோ மாடி வீட்டுக்காரன், பங்களாக்காரனெல்லாம் புல்லு வெட்ட ஆளு தேடுறான்லா. வண்டி மட்டும் ஓடிருச்சுன்னா பொழச்சுக்குவான். ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாது என்பதை, கடையில் முதல்முறையாகப் பார்த்த ஒருவரிடம் ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்த அம்மா இரண்டு அளவில் கேபிள் கொடுத்து, சேராததைத் திருப்பிக் கொடு என்றார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

7

வேறொரு பெண் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டுமல்லவா? பெர்ரியில் உட்கார்ந்து அதைத் தேடினேன். கொஞ்சம் வந்தது, கடல் பாதி தாண்டுவதற்குள் போய்விட்டது. ஏனென்றால் எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது.

பாஸ் புதுப்பிக்கும்போது கணவரின் வேலைக்குச் சான்று கேட்பார்கள். இந்த வருடம் லோகன் நான் கேட்காமலேயே கம்பெனிக் கடிதத்தைக் கொண்டுவந்து என் கோப்பில் வைத்திருந்தார். அன்று எனக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. கம்பெனி மூடிவிட்டது, கடிதம் இருக்கிறது. அதைக் கண்ணாடித் தடுப்புக்குள் நீட்டப்போவது யார்? நான். கீழே கையெழுத்துப் போடப்போவது யார்? நான்.

வீட்டுக்கு வந்தபோது லோகன் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் இரண்டு கேபிள்களையும் வைத்தேன்.

"திரேசா அக்கா குடுத்தாங்க."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"ஜுருவுக்கா போன?"

"போனேன். எந்தத் தாலின்னு நெனச்சுக்கிட்டுப் போனேன்னு மட்டும் கேக்காதீங்க."

அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கால்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரித்த சிரிப்பில் தலையை இரும்பில் இடித்துக்கொண்டு, "ஆய்யோ!" என்று கத்தியபடி வெளியே வந்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"கம்பெனி மூடிட்டாங்களா?"

நெற்றியைத் தடவினார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். பாஸ் கெடைக்கட்டும்னு பாத்தேன். நீ பயந்துருவ."

"நான் பயப்பட மாட்டேன். சந்தேகந்தான் படுவேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. அதான் காலைல யூனிபார்ம் போட்டுக்கிட்டு சுத்துனேன்."

"அந்தக் கடிதம்?"

"அது மூடுறதுக்கு முன்னாடி வாங்குனது. பொய் இல்ல மாரி. அப்ப வேலை செஞ்சேன்தானே?"

"'வேலை செய்கிறார்'னு போட்டிருக்கு. செஞ்சார்னு இல்ல."

"நீ ஒருத்தி, எழுத்து எழுத்தா புடிச்சுக்கிட்டு! அதக் குடுக்காட்டி வேற எதக் குடுக்குறது? புல்லு வெட்டப் போறேன்னு சொன்னா ஒனக்குப் பாஸ் குடுத்துருவாங்களா?"

"குடுக்காம இருக்கலாம். ஆனா பொய்னு தெரிஞ்சா ஒங்கள எங்கயும் அனுப்ப மாட்டாங்க. என்னத்தான் ஏர்போர்ட்டுக்கு அனுப்புவாங்க. கயல் இங்கதான் இருப்பா. அவளுக்குத் தண்ணின்னா என்னன்னுகூட மறந்துரும்."

அவர் கேபிள் ஒன்றை எடுத்துக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்தவர்தான். சரியாகத் தெரியாதவர், அவ்வளவே.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"வியாபாரம்னு பதிவு பண்ணுங்க. பதிவு பண்ணா வண்டி ஓடணும். எங்க, அந்த ஸ்குரூ டிரைவரக் குடுங்க."

"கை அழுக்..."

"குடுங்க."

8

கேபிளில் ஒன்று சரியாகச் சேர்ந்தது. ஆனால் வண்டியின் கோளாறு கேபிள் மட்டும் அல்ல. என்ஜின் எழும், குரலை உயர்த்தப் பார்க்கும், இருமிவிட்டு அடங்கும். லோகன் பெட்ரோல் டேங்கைச் சந்தேகப்பட்டார். நான் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டேன். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் உள்ளே பிசினாகி, துளையை அடைத்திருக்கும். கழற்றிப் பார்த்தோம். தேன் நிறத்தில் ஒட்டிக்கிடந்தது. ஒரு மெல்லிய செப்புக் கம்பியை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அந்தத் துளைக்கு அந்தப் பக்கம் வானம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.

"நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

மாட்டி முடித்து அவர் சாவியைத் திருப்பினார். இந்த முறை என்ஜின் இருமவில்லை. வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குரல் எழுப்பியது. கயல் காதைப் பொத்திக்கொண்டு, "லாகி! லாகி!" என்று குதித்தாள். இன்னும், இன்னும் என்று அர்த்தம். எனக்கும் அப்போது அதேதான் தோன்றியது. தமிழில்.

பதிவு அலுவலகத்தில் வியாபாரத்துக்குப் பெயர் கேட்டார்கள். லோகன் என் பெயரைச் சொன்னார்.

"எம்பேரு எதுக்கு?" உடனே கேட்டேன். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் தலையில் விழும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"மாரின்னா வாங்கன்னு அர்த்தம்லா. கூப்புடறதுக்கு நல்லா இருக்கும்."

காரணம் நம்பும்படியாக இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டேன். அந்தப் பெயரையும் தன் போன் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி, லோகன் திரேசா அக்கா கடையில் ஒட்டிவைத்தார்.

குடிநுழைவு அலுவலகத்தில் அன்று எங்கள் எண் வர மத்தியானமானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் துடோங் முக்காடு அணிந்த இளம் பெண் அதிகாரி. கம்பெனிக் கடிதத்தை நான் வீட்டிலேயே கோப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். கணவருக்கு என்ன வேலை என்று மலாயில் கேட்டார். லோகன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தேன்.

"புல்லு வெட்டுற வியாபாரம்" என்று அவர் மலாயில் சொன்னார். "சொந்தமா."

"புதுசா?"

"புதுசு."

அதிகாரி பதிவுச் சான்றைத் திருப்பிப் பார்த்தார். சின்ன எழுத்தையும் பார்த்தார். என்னைப்போல ஒரு பெண் என்று நினைத்தேன். எனக்கு அவரைப் பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எழுந்து உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் இருக்கும் யாரோ ஒருவரிடம் எங்கள் குடும்பம் போயிருந்தது. லோகன் என் பக்கம் சாய்ந்து, "அந்தக் கடிதம் கைல இருந்திருந்தா இப்ப..." என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

அதிகாரி திரும்பி வந்தார். பாஸ் கொடுத்தார்கள். வழக்கமான ஒரு வருடம் இல்லை, அதில் பாதிகூட இல்லை. அது முடிவதற்குள் வியாபாரம் நடக்கிறது என்று காட்ட வேண்டும், காட்டினால் பார்க்கலாம் என்றார். பெயரின் எழுத்து, பாஸ்போர்ட் எண், தேதி, எல்லாவற்றையும் கவுண்டரிலேயே நின்று படித்தேன். பின்னால் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார். "போதும்லா, வா" என்றார் லோகன். முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வெளியே படியில் இறங்கும்போது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னாலதானே? ஒனக்குக் கொறஞ்சுபோச்சு" என்றார். ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. குறைந்தது உண்மைதான். கோப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ... ஆமா, மாரி புல்லு வெட்டுறதுதான்..." அவர் முதுகு நிமிர்ந்தது. "கொண்டோவா? எத்தன ப்ளாக்?"

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். "நானும் கேக்கணும்."

போட்டார். ஒரு கட்டடத்தின் மேற்பார்வையாளர், நம் தமிழ் ஆள். பின்பக்கம் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, சனிக்கிழமை வர முடியுமா, வண்டி நன்றாக ஓடுமா என்று கேட்டார். லோகன் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஓடுமா மாரி?"

"ஓடும்னு சொல்லுங்க. ஆனா புல்லுக்குள்ள கல்லு கெடக்குதான்னு மொதல்ல கேளுங்க. கத்தி போயிரும்."

"கல்லெல்லாம் இருக்காதுலா..."

"கேளுங்க."

கேட்டார். அந்தக் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது.

"அது... கொஞ்சம் இருக்கும் அண்ணே."